நடந்தால் பால் வற்றுமா? பிள்ளை பெற்ற தாய்மாரின் உடற்பயிற்சியும் தாய்ப்பாலும்

நீர்வேலியில் பிள்ளை பிறந்த ஒரு வீட்டுக்குள் இரண்டு அறிவுரைகள் ஒன்றாக வந்து சேரும். ஒன்று கிளினிக்கில் இருந்து வருகிறது: "மெல்ல மெல்ல நடக்கத் தொடங்குங்கோ. வயித்திலை பிள்ளை இருக்கேக்கை சீனி கூடி இருந்தது தானே, நிறையைக் கவனிக்க வேணும்." மற்றது அம்மம்மாவிடம் இருந்து வருகிறது: "பச்சை உடம்போடை உலாத்தாதை பிள்ளை. உடம்பு அலுத்தால் பால் வத்திப் போம்."

சொல்கிற இருவரும் அந்தத் தாயினதும் பிள்ளையினதும் நன்மைக்காகத்தான் சொல்கிறார்கள். ஆனால் நடுவில் நிற்கிற தாய் பெரும்பாலும் ஏதோ ஒன்றைக் கைவிடுகிறார். ஒன்றில் பால் வற்றிவிடும் என்ற பயத்தில் நடையை விடுகிறார். அல்லது நடக்கத் தொடங்கி, பிள்ளை ஒரு பின்னேரம் அழுததும் பால் போதவில்லை என்று முடிவெடுத்துப் பால்மா வாங்குகிறார்.

இரண்டில் எதையும் விடத் தேவையில்லை. அளவான உடற்பயிற்சி தாய்ப்பாலைக் குறைப்பதில்லை. பாலைக் குறைப்பவை வேறு: பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தடவைகள் குறைவது, தாய் போதிய அளவு சாப்பிடாமல் விடுவது, மார்பு நிறைந்தபடி நெடுநேரம் இருப்பது, சில மருந்துகள், சில நோய்கள். இவை எப்படி நடக்கின்றன, இவற்றைத் தவிர்த்து எப்படி நடையையும் பாலூட்டலையும் சேர்த்துக் கொண்டுபோவது என்பதே இந்தக் கட்டுரை.

எங்கள் பக்கத்தில் தாய்ப்பால் ஏன் இன்னும் முக்கியம்

2016 ஆம் ஆண்டு இலங்கையில் நடந்த குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். உலக அளவில் பார்த்தால் இது மிக உயர்ந்த அளவு. மருத்துவமாதுகள் வீடு வீடாகப் போய்ச் செய்த வேலையின் பலன் அது.

வலிகாமத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வாழை, வெங்காயம், புகையிலை, மரக்கறி என்று ஆண்டு முழுதும் பயிர் நிற்கும் செம்மண் இது. நிலத்துக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். போடுகிற பசளை மழையோடும் இறைப்போடும் விரைவாக நிலத்தடி நீரில் இறங்கிவிடும். தோட்டங்களை ஒட்டிய பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்துள்ள லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இப்படிப்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் சின்னக் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறையலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

தாய் அதே நீரைக் குடித்தாலும் தாய்ப்பாலில் நைத்திரேற்று அந்த அளவுக்குச் சேர்வதில்லை. ஆகவே தேவையில்லாத பயத்தால் தாய்ப்பாலை நிறுத்துவது இங்கே காசுச் செலவோடு முடிகிற விடயம் அல்ல.

பால் எப்படிச் சுரக்கிறது

பிள்ளை மார்பைச் சப்பும்போது தாயின் மூளைக்குச் செய்தி போகிறது. புரோலக்டின் என்ற ஓமோன் பாலை உண்டாக்குகிறது. ஒக்சிடோசின் என்ற ஓமோன் உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. முதல் சில கிழமைகள் கழிந்த பிறகு, எவ்வளவு பால் உண்டாகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எவ்வளவு பால் வெளியே போகிறது என்பதுதான். மார்பு நிறைந்தே இருந்தால் சுரப்பு மெதுவாகும். அடிக்கடி வெறுமையானால் சுரப்பு வேகமாகும்.

இறைக்க இறைக்க ஊறும் கிணற்றைத் தெரிந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இதில் உடல் அசைவுக்கு நேரடியான பங்கு இல்லை. நடந்ததால் பால் எரிந்துபோவதும் இல்லை. வியர்வையாக வெளியேறுவதும் இல்லை. ஆனால் பதற்றம், வலி, கடும் களைப்பு ஆகியவை ஒக்சிடோசினைத் தற்காலிகமாகத் தடுக்கலாம். அப்போது மார்பில் பால் இருந்தும் இறங்கத் தாமதமாகும். "அலுத்தால் பால் வராது" என்ற அம்மம்மாவின் பேச்சில் இருக்கிற உண்மை இதுதான். அவர் கண்டது பிழை அல்ல. பிள்ளை பெற்ற கையோடு வயலிலும் தோட்டத்திலும் முழுநாள் வேலை செய்து, சரியாகச் சாப்பிடாமல், பிள்ளைக்கு நேரத்துக்குப் பால் கொடுக்க முடியாமல் போன பெண்களை அந்தத் தலைமுறை கண்டிருக்கிறது. அங்கே பாலைக் குறைத்தது உடல் அசைந்தது அல்ல; ஓய்வும் உணவும் இல்லாததும், பிள்ளை மார்பில் இருந்து நெடுநேரம் பிரிந்திருந்ததும்தான்.

ஆய்வுகள் கண்டவை

1994 இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் 33 தாய்மாரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு பிள்ளை பிறந்து 6 முதல் 8 கிழமைக்குள் பயிற்சியைத் தொடங்கியது. நாளுக்கு 45 நிமிடம், கிழமைக்கு 5 நாள், 12 கிழமை. மற்றக் குழு பயிற்சி செய்யவில்லை. முடிவில் பாலின் அளவிலும் சத்திலும், குழந்தைகளின் நிறை கூடியதிலும் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. பயிற்சி செய்த தாய்மாரின் உடல் வலு மட்டும் நன்றாகக் கூடியிருந்தது.

2000 ஆம் ஆண்டு அமெரிக்காவிலேயே இன்னொரு ஆய்வு வந்தது. நிறை கூடிய 40 தாய்மாரில் ஒரு பகுதியினர் 10 கிழமைக்கு உணவை நாளுக்கு 500 கலோரி அளவில் குறைத்து, கிழமைக்கு 4 நாள் 45 நிமிடம் பயிற்சியும் செய்தார்கள். அவர்கள் கிழமைக்கு ஏறக்குறைய அரைக் கிலோ நிறை குறைந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் வளர்ச்சி மற்றப் பிள்ளைகளைப் போலவே இருந்தது.

"நடந்துவிட்டு வந்து கொடுத்தால் பால் புளிக்கும்" என்ற பேச்சுக்கும் ஒரு பின்னணி இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் நடந்த ஒரு ஆய்வில், மூச்சு முட்டும் அளவுக்கு உச்ச வேகத்தில் பயிற்சி செய்த தாய்மாரின் பாலில் இலக்டிக் அமிலம் கூடியிருந்தது. சில குழந்தைகள் அந்தப் பாலை விருப்பம் குறைவாக ஏற்றார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில், அளவான வேகத்தில் செய்த பயிற்சிக்குப் பின் அப்படியான மாற்றம் குறிப்பிடும்படி காணப்படவில்லை. பிள்ளைகளும் பாலை மறுக்கவில்லை. இந்த அமிலம் பிள்ளைக்குத் தீங்கானதும் அல்ல. வேகமாக நடந்துவிட்டு வந்த தாய் பாலைப் பீச்சிக் கொட்டத் தேவையில்லை.

எல்லை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லலாம். 2019 தை மாதம் பிரித்தானியாவில் 268 மைல் தூர மலைப்பாதை ஓட்டமான ஸ்பைன் போட்டியில் ஜாஸ்மின் பாரிஸ் என்ற பெண் ஆண்கள், பெண்கள் எல்லோரையும் முந்தி வென்றார். எடுத்த நேரம் 83 மணித்தியாலங்கள் சொச்சம். அப்போது அவர் 14 மாதக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். மார்பில் பால் கட்டாமல் இருக்க இடைத்தங்கலில் பாலைப் பீச்சினார். இதை யாரும் பின்பற்றச் சொல்லவில்லை. ஆனால் வீதியில் அரை மணித்தியாலம் நடப்பதற்குப் பயப்படுகிற ஒரு தாய் இதைத் தெரிந்து வைத்திருக்கலாம்.

ஆறாம் கிழமைக் குழப்பம்

அப்படியானால் "நான் நடக்கத் தொடங்கின பிறகுதான் பால் குறைஞ்சது" என்று சொல்கிற தாய்மார் ஏன் இவ்வளவு பேர் இருக்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரே காலத்தில் பல விடயங்கள் நடக்கின்றன.

31 ஆம் நாள் துடக்குக் கழிந்து, தாய் வெளியே வரத் தொடங்குவதும், கிளினிக்கில் நடக்கலாம் என்று சொல்வதும் ஏறக்குறைய ஐந்தாம், ஆறாம் கிழமையில்தான். அதே ஆறாம் கிழமையில்:

முதலாவது, மார்பின் வீக்கம் குறைந்து மெதுவாகிறது. தொடக்கத்தில் தேவைக்கு மேல் சுரந்த பால், பிள்ளையின் தேவைக்கு ஏற்ற அளவுக்கு வருகிறது. முன்னர் போலக் கசியாது. இது பால் வற்றியதன் அறிகுறி அல்ல. சுரப்பு ஒழுங்குக்கு வந்ததன் அறிகுறி.

இரண்டாவது, பிள்ளை திடீரென வளர்கிற காலம் அது. இரண்டு, மூன்று நாட்களுக்கு மணிக்கு ஒருதரம் கூடப் பால் கேட்கும். பின்னேரங்களில் சிணுங்கும். சுரப்பைக் கூட்டுவதற்குப் பிள்ளை செய்கிற வேலைதான் அது.

மூன்றாவது, பல குடும்பங்களில் கருத்தடை முறை தொடங்குவதும் அந்தக் காலத்தில்தான். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை சிலருக்குப் பாலைக் குறைக்கும். பால் கொடுக்கிறேன் என்று சொன்னால் வேறு முறை தருவார்கள். வேறு நோக்கத்துக்கு வாங்கி வைத்த மாத்திரையையோ பக்கத்து வீட்டாரின் மாத்திரையையோ எடுக்கும்போதுதான் பிரச்சினை.

நான்காவது, உதவிக்கு வந்து நின்ற அம்மா தன் வீட்டுக்குத் திரும்புகிறார். சமையல், உடுப்புத் தோய்த்தல் எல்லாம் தாயின் தலையில் விழுகிறது. சாப்பாடு பிந்துகிறது. பகலில் ஒன்றிரண்டு தடவை பால் கொடுப்பது தவறுகிறது.

இத்தனையும் நடந்திருக்க, கண்ணுக்குத் தெரிந்த புதிய விடயம் நடை மட்டும்தான். பழி அதன்மேல் விழுகிறது.

பால் போதுமா என்பதை எதைக் கொண்டு அறிவது

மார்பு கனமாக இருக்கிறதா, பீச்சினால் எவ்வளவு வருகிறது, பிள்ளை அழுகிறதா என்பவற்றை வைத்துப் பாலின் அளவை அறிய முடியாது. பிள்ளை சப்பி எடுக்கிற அளவுக்குக் கையோ பம்போ எடுப்பதில்லை. நம்பக்கூடிய அளவுகோல்கள் இவை:

முதல் கிழமை கழிந்த பிறகு 24 மணித்தியாலத்தில் 6 தடவையோ அதற்கு மேலோ வெளிறிய நிறத்தில் சிறுநீர் போக வேண்டும்.

பிறந்தவுடன் சிறிது குறைந்த நிறையை இரண்டு கிழமை அளவில் பிள்ளை மீண்டும் எட்ட வேண்டும். பின்னர் முதல் மூன்று மாதங்களில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் அளவில் நிறை கூடுவது வழமை.

குழந்தையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் உள்ள நிறைக்கோடு மேல்நோக்கிப் போக வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கொழுகொழுப்போடு ஒப்பிடத் தேவையில்லை. உங்கள் பிள்ளையின் கோடு அதன் பாதையில் போகிறதா என்பதுதான் கேள்வி.

நடை தொடங்க முன்னர் ஒருதரம், தொடங்கி இரண்டு கிழமையில் ஒருதரம் பிள்ளையை நிறுத்துப் பாருங்கள். கோடு ஏறிக்கொண்டிருந்தால் வீட்டில் நடக்கிற வாதத்துக்கு அந்தப் பதிவேடே பதில் சொல்லும்.

கிழமைக்குக் கிழமை என்ன செய்யலாம்

முதல் ஆறு கிழமை: சுகப்பிரசவம் என்றால் அடுத்த நாளில் இருந்தே வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் மெல்ல நடக்கலாம். எழும்பி நடப்பது காலில் இரத்தம் உறைவதைத் தவிர்க்க உதவும். படுத்தபடி ஆழ்ந்து மூச்சு விடுவது, கணுக்காலைச் சுழற்றுவது, இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்துவது ஆகியவை போதும். சிறுநீரை அடக்குவதுபோல உள்ளே இழுத்து 5 வினாடி பிடித்து விடுங்கள். 10 தடவை, நாளுக்கு மூன்று முறை. பால் கொடுத்தபடியே இதைச் செய்யலாம்.

சிசேரியன் என்றால்: மெல்ல நடக்க வேண்டும், ஆனால் ஆறு கிழமைக்குப் பிள்ளையை விடப் பாரமானதைத் தூக்க வேண்டாம். கிணற்றில் வாளியால் அள்ளுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, வாழைக்குலை தூக்குவது, தேங்காய் துருவக் குனிந்திருப்பது எல்லாம் இதற்குள் அடங்கும். பயிற்சியைக் கூட்ட முன்னர் காயத்தை வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு கிழமை: 10 நிமிட நடையோடு தொடங்கி, கிழமைக்கு 5 நிமிடம் என்று கூட்டுங்கள். நாளுக்கு 30 நிமிடம், கிழமைக்கு 5 நாள் என்ற அளவை எட்டினால் மொத்தம் 150 நிமிடம். பிள்ளை பெற்ற பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020 இல் சொன்ன அளவும் அதுதான். வேகத்தை அறிய ஒரு இலகுவான வழி: நடந்தபடி கதைக்க முடிய வேண்டும்; பாட முடியாமல் இருக்கலாம். கதைக்கவே முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு: ஓட்டம், கயிறடித்தல், பாய்ந்து செய்யும் பயிற்சிகள் ஆகியவற்றுக்கு மூன்று மாதமாவது பொறுக்கும்படி இயன்மருத்துவர்கள் சொல்கிறார்கள். தும்மும்போது சிறுநீர் கசிந்தால், அடிவயிற்றில் பாரம் இறங்குவது போல இருந்தால், படுக்கையில் இருந்து எழும்பும்போது வயிற்றின் நடுவில் மேடு போலத் தள்ளினால் இன்னும் காலம் எடுங்கள். சீலையால் வயிற்றை இறுக்கிக் கட்டுவது இந்தத் தசைகளைத் திருத்தாது. மிக இறுக்கமாகக் கட்டினால் அழுத்தம் கீழ்நோக்கி இடுப்புத்தளத்தில் விழும்.

நடக்கிற நாளின் ஒழுங்கு

பாலூட்டும் தாய்க்குப் பயிற்சியை விட அதன் ஒழுங்குதான் முக்கியம். பால் கொடுத்து, சாப்பிட்டு, நடந்து, திரும்பவும் பால் கொடுக்கும் ஒழுங்கு அது.

நடக்கப் போக முன்னர் பிள்ளைக்கு இரண்டு மார்பிலும் பால் கொடுங்கள். மார்பு இலேசாக இருந்தால் நடக்கச் சுகம். பிள்ளையும் ஒன்று, இரண்டு மணித்தியாலம் உறங்கும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஒரு வாழைப்பழமும் ஒரு கோப்பைத் தண்ணீரும் போதும். நீர்வேலியில் வாழைப்பழத்துக்குப் பஞ்சம் இல்லை.

மார்பை நன்றாகத் தாங்கும் பிரா அணியுங்கள். ஆனால் நெரிக்கிற பிரா வேண்டாம். நெரிக்கிற உடுப்போடு நெடுநேரம் இருந்தால் பால் ஒரு இடத்தில் கட்டி நோவெடுக்கலாம். நடை முடிந்ததும் இறுக்கமான உடுப்பைக் கழற்றிவிடுங்கள்.

வந்ததும் மார்பில் உள்ள வியர்வையைத் தண்ணீரால் கழுவுங்கள். பிள்ளை முகம் சுளிப்பது பல நேரங்களில் பாலின் சுவைக்கு அல்ல, தோலின் உப்புக்கு. பிறகு பிள்ளை கேட்டால் உடனேயே கொடுக்கலாம். உடம்பு ஆறும் வரை பொறுத்திருக்க வேண்டும் என்ற நியதி இல்லை.

ஒரு தடவை பால் கொடுப்பது தவறும் அளவுக்கு வெளியே நிற்க வேண்டி வந்தால் முதலே பீச்சி வையுங்கள். 25 பாகை செல்சியசில் 4 மணித்தியாலம் வரை வைக்கலாம் என்பது பொதுவான அளவு. எங்கள் வெக்கைக்கு அது கூட. பீச்சிய உடன் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே நல்லது. அங்கே 4 நாள் வரை இருக்கும். போத்தலை விடக் கோப்பையால் பருக்குவது பாதுகாப்பானது. திரும்பி வந்ததும் பிள்ளைக்குக் கொடுங்கள் அல்லது பீச்சுங்கள். கொடுக்காமல் விட்ட அந்த ஒரு தடவைதான் சுரப்பைக் குறைக்கும், நடை அல்ல.

பத்தியமும் பசியும்

பால் கொடுக்கும் தாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி மேலதிகமாகத் தேவை. அதில் ஒரு பகுதியை வயிற்றில் பிள்ளை இருந்தபோது சேர்ந்த கொழுப்பு ஈடுசெய்யும். நடந்தால் தேவை இன்னும் சற்றுக் கூடும். நடையையும் கூட்டி உணவையும் பாதியாக்கினால்தான் பால் குறைய இடமுண்டு. ஆறு, எட்டுக் கிழமையில் பால் நன்றாக ஒழுங்குக்கு வரும் வரை நிறை குறைப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அதன் பிறகும் கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறையாமல் பாருங்கள். நேரச் சாப்பாட்டை விடுவதற்குப் பதிலாகச் சீனி போட்ட தேத்தண்ணீர், பிஸ்கற், கேக், சோடா ஆகியவற்றைக் குறையுங்கள்.

எங்கள் பத்தியச் சாப்பாட்டில் நல்லவை நிறைய. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் அரைத்த சரக்குக் கறி, உள்ளி, மீன், முருங்கையிலை வறை எல்லாம் சத்தான உணவுகள். முருங்கையிலை பாலைக் கூட்டக்கூடும் என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் எந்த வறையும் பிள்ளை மார்பைச் சப்புவதற்கு ஈடாகாது.

சுறா வறையைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை பெற்றவளுக்குச் சுறா என்பது யாழ்ப்பாணத்தில் ஊறிய பழக்கம். சுறாவின் புரதம் நல்லதுதான். ஆனால் மற்ற மீன்களைத் தின்று நீண்டகாலம் வாழும் மீன் என்பதால் பெரிய சுறாக்களின் தசையில் பாதரசம் சேர்கிறது. பாலூட்டும் தாய்மார் சுறாவைத் தவிர்க்கும்படி பல நாடுகளின் உணவு அதிகாரிகள் சொல்கிறார்கள். சூடை, நெத்தலி போன்ற சின்ன மீன்களில் அதே புரதம் இருக்கிறது; பாதரசம் மிகக் குறைவு; விலையும் குறைவு. வறையை விட மனமில்லை என்றால் எப்போதாவது ஒருதரம் சின்னக் குட்டிச் சுறாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாற்ற வேண்டிய பழக்கம் ஒன்று இருக்கிறது. வயிறு வைக்கும் என்று சொல்லித் தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பது. தாய்ப்பாலில் ஏறக்குறைய 87 வீதம் தண்ணீர். ஒரு தாய் நாளுக்கு 750 மில்லிலீற்றர் அளவில் பால் கொடுக்கிறார். வெயிலில் நடந்து வியர்க்கிறவருக்குத் தண்ணீரைத் தடுப்பது களைப்பு, தலையிடி, மலச்சிக்கல் என்று முடியும். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு கோப்பைத் தண்ணீர், தாகம் எடுத்தால் இன்னும் ஒன்று. சிறுநீர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதாது. ஆனால் தேவைக்கு மேல் குடிப்பதால் பால் கூடுவதும் இல்லை. கிளினிக்கில் திரிபோஷ கிடைத்தால் அதைத் தாய்தான் சாப்பிட வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் பங்கிட அல்ல.

எங்கே, எப்போது நடப்பது

யாழ்ப்பாணம் - பருத்தித்துறை வீதி வாகனங்கள் வேகமாகப் போகிற வீதி. நடைக்கு உள் ஒழுங்கைகளே நல்லவை. காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் வாழைத்தோட்டங்களின் ஓரம் நிழலும் குளிர்மையும் இருக்கும். தோட்டத்துக்கு மருந்து அடிக்கிற நாளில் அந்தப் பக்கம் போக வேண்டாம். பிள்ளையைக் கொண்டு போகவே வேண்டாம்.

தனியே வீதியில் நடக்கக் கூச்சமாக இருந்தால் வளவே போதும். வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் 50 மீற்றர் என்றால் 20 வட்டம் ஒரு கிலோமீற்றர். கோயில் வெளிவீதியில் பின்னேரம் இரண்டு, மூன்று தாய்மார் சேர்ந்து நடக்கலாம். சேர்ந்து நடக்கிறவர்கள் நடையை இலகுவில் விடுவதில்லை. பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரையான வெயிலில் காலை ஒன்பது மணிக்குப் பிறகும், பின்னேரம் நாலரைக்கு முன்னரும் வெளியே நடக்க வேண்டாம்.

உண்மையிலேயே பால் குறைந்தால்

பிள்ளையின் நிறைக்கோடு தட்டையானால் நடையை நிறுத்துவது முதல் வேலை அல்ல. பால் கொடுக்கும் தடவைகளைக் கூட்டுவதே முதல் வேலை. 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தடவை கொடுங்கள். இரவில் கொடுப்பதை விடாதீர்கள். புரோலக்டின் இரவில்தான் கூடச் சுரக்கிறது. பிள்ளையை வெறும் மார்போடு அணைத்து வைத்திருங்கள். ஒரு மார்பு வெறுமையான பிறகு மற்றதைக் கொடுங்கள். பால் கொடுத்த பிறகும் சில நிமிடம் பீச்சுங்கள். பிள்ளை காம்பை மட்டும் பிடிக்கிறதா, கரிய வட்டத்தையும் சேர்த்து வாய் நிறையப் பிடிக்கிறதா என்று மருத்துவமாதுவைக் கொண்டு பார்ப்பியுங்கள். மூன்று, நான்கு நாட்களில் பெரும்பாலும் மாற்றம் தெரியும்.

தெரியாவிட்டால் வைத்தியரிடம் போங்கள். தைரொயிட் குறைபாடு, இரத்தச்சோகை, நச்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கியிருப்பது போன்றவை பாலைக் குறைக்கலாம். இவை சிகிச்சையால் மாறக்கூடியவை. பேறுகாலத்துக்குப் பின் மருத்துவமாது வீட்டுக்கு வரும் நாட்களில் இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நீர்வேலியில் உள்ளவர்கள் கோப்பாய் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரிக்கலாம். பெரிய வைத்தியசாலைகளில் தாய்ப்பாலூட்டலுக்கென்றே உதவுகிற நிலையங்களும் உண்டு.

பயிற்சியை உடனே நிறுத்தி வைத்தியரைக் காண வேண்டிய நிலைமைகள்: குறைந்து வந்த இரத்தப்போக்கு மீண்டும் சிவப்பாகக் கூடுவது, ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், மயக்கம், சத்திரசிகிச்சைக் காயத்தில் இருந்து நீர் வடிவது, மார்பு சிவந்து காய்ச்சல் வருவது. மார்பில் காய்ச்சலோடு நோ வந்தாலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் கட்டு இன்னும் கூடும். அவசரம் என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ்.

இரண்டு கிழமைக்கு மேல் மனம் இருண்டே கிடந்தால், பிள்ளையைப் பார்க்கவே விருப்பம் இல்லாமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நடை மனதுக்கு உதவும். ஆனால் மனச்சோர்வுக்குச் சிகிச்சை தேவைப்படலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

சீனி இருந்த தாய்க்கு

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சீனி கூடியிருந்த தாய்க்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு அதிகம். பிள்ளை பிறந்த உடன் சீனி இறங்கிவிடுவதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஆறாம் கிழமையில் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். நீரிழிவு வரும் வாய்ப்பைக் குறைப்பவை நடை, நிறையைக் கட்டுப்படுத்துவது, தாய்ப்பால் கொடுப்பது ஆகிய மூன்றும்தான். ஒன்றைக் காப்பாற்ற மற்றதை விடுங்கள் என்று இந்தத் தாயிடம் சொல்வது அவருடைய இரண்டு கைகளில் ஒன்றைக் கட்டிவிடுவதற்குச் சமம்.

வீட்டில் உள்ளவர்களுக்குக் கடைசியாக ஒன்று. தாய் நடக்கப் போகட்டுமா விடட்டுமா என்று வாதாடுகிற நேரத்தில் செய்யக்கூடிய நல்ல வேலை இருக்கிறது. பிள்ளை பால் குடித்து முடிந்ததும் அதை வாங்கி, தோளில் போட்டு முதுகைத் தட்டி, அரை மணித்தியாலம் வைத்திருங்கள். அம்மம்மாவோ தகப்பனோ அதைச் செய்யலாம். அவர் திரும்பி வரும்போது சாப்பாடு சுடச்சுட இருந்தால் இன்னும் நல்லது. அலுக்காமல் நடந்து வந்த தாய்க்குப் பால் இறங்கும்.